முதல் மாத்திரைக்கு 22 மாதங்கள்: மனச்சிதைவு நோய்க்கு நாடு முழுவதும் ஒரு கால வரம்பு வேண்டாமா?

வைகைக்கரை | திங்கள், இரவு 9.40

என் தம்பிக்கு இப்போது 26 வயது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில், 19 வயதில், அறையின் சாவித்துவாரத்தில் காகிதத்தைச் சுருட்டி அடைக்கத் தொடங்கினான். எதிர்வீட்டுத் தொலைக்காட்சிச் செய்தியில் தன் மதிப்பெண்களை வாசிக்கிறார்கள் என்றான். நாங்கள் சிரித்தோம். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சிரித்தோம் என்பதுதான் உண்மை.

அன்றிலிருந்து முதல் மாத்திரை அவன் வயிற்றுக்குள் போகும்வரை 22 மாதங்கள். இடையில் ஒரு கோடாங்கி, இரண்டு கோயில்கள், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிய நரம்பியல் மருத்துவர், "படிப்புச் சுமை, ஊருக்கு அழைத்துப் போங்கள்" என்ற பொது மருத்துவர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. "இந்தப் பையனை இந்த வாரத்துக்குள் இன்ன இடத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று சொல்ல அவர்களிடம் ஒரு முகவரி இல்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. முதன்முறையாகக் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஒருவர் வந்தால், இரண்டு வாரத்துக்குள் அதற்கென்று அமைந்த குழுவின் கையில் சிகிச்சை தொடங்க வேண்டும். முதலில் பாதிப் பேருக்காவது அதைச் செய்துகாட்டச் சொன்னார்கள், பிறகு இலக்கை உயர்த்தினார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பாட்ரிக் மெக்கோரி 1992-லேயே இளைஞர்களுக்கென்று இப்படி ஒரு மையத்தை அமைத்துவிட்டார்.

நம்மிடம் என்ன இல்லை? 1982-ல் தேசிய மனநலத் திட்டம். 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம். 2014-ல் தேசிய மனநலக் கொள்கை. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம். காகிதத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் முதன்முறை நோய்வாய்ப்பட்டவருக்கு "இத்தனை நாளுக்குள்" என்று ஓர் எண் எங்கே? என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தேசிய அளவில் 30 நாள் கெடு. அதற்குள் மனநல மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றால் ஏன் என்று மாவட்டம் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பவர்கள் வரலாம்.

வியாழக்கிழமை மருத்துவர் | திங்கள், இரவு 11.15

எதிர்க்கத்தான் வருகிறேன். அரசுப் பணியில் இருக்கும் மனநல மருத்துவன். புனைபெயர் ஏன் என்றால், நான் அமரும் தாலுகா மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு வியாழன் மட்டும்தான். சென்ற வியாழன் 143 பேர். ஒன்பது மணிக்கு அமர்ந்து இரண்டரைக்கு எழுந்தேன். ஆளுக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் இரண்டு வாரத்தைச் சொன்னீர்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பில் 15 பேர் போல இருக்க வேண்டும் என்பது அளவு. உளவியலாளர் தனி, வேலை தேடித்தருபவர் தனி, குடும்பத்தோடு பேசுபவர் தனி. இங்கே இவை நான்கும் நான்தான். நாடாளுமன்ற நிலைக்குழு 2023-ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

அடுத்தது. டென்மார்க்கில் ஓபஸ் என்று ஓர் ஆய்வு. முதன்முறை நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் தீவிரக் கவனிப்பு கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நல்ல பலன். பிறகு சாதாரணச் சிகிச்சைக்கு மாற்றினார்கள். ஐந்தாம் ஆண்டில் பார்த்தால், நோய்க்குறிகளில் கிடைத்த ஆதாயம் கரைந்துபோயிருந்தது. டென்மார்க்கிலேயே அப்படி.

முன்கூட்டிப் பிடிப்பது நல்லதுதான். பிடித்தவரைக் கைவிடாமல் இருக்க முடியாத ஓர் அமைப்பு, இன்னும் வேகமாகப் பிடித்து என்ன செய்யப்போகிறது? 30 நாள் கெடு வைத்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். 29-ஆம் நாள் பதிவேட்டில் ஒரு கையெழுத்து இருக்கும்.

பழைய மருந்துச்சீட்டு | செவ்வாய், காலை 6.20

மருத்துவர் சொல்வது சத்தியம். 31 ஆண்டு அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் முதல் மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அறுபதாவது மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன். என் கடைசிப் பணியிடத்தில் ஓர் அம்மா வருவார். மகளுக்கு இந்த நோய்க்கான ரிஸ்பெரிடோன் மாத்திரை, கூடவே கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வந்துபோனால் ஒரு நாள் கூலி போயிற்று. மாதத்துக்கு எழுதித் தந்திருப்பார்கள். இருப்பு குறைவாக இருக்கும்போது 15 நாளுக்குத்தான் கொடுக்கச் சொல்லி மேலிடத்து வாய்மொழி உத்தரவு. அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? அரிவாள்மனையில் மாத்திரையைப் பாதியாக நறுக்கி 30 நாளுக்கு ஓட்டினார். கணக்கு சரியாக வந்தது. மகளுக்குத்தான் மறுபடியும் குரல் கேட்கத் தொடங்கியது. அடுத்த முறை வந்தபோது "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டி எழுதினார்கள். நறுக்கிய விஷயத்தை அவர் மருத்துவரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான், அதுவும் ஒரு வருடம் கழித்துச் சொன்னார்.

இந்த மருந்துகள் ஒன்றும் யானை விலை இல்லை. மாதம் ஒரு முறை போடும் ஃபுளூஃபெனசின் ஊசி மிகப் பழையது, மிக மலிவு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுத்துக் காட்டினார்கள். அதே பையில் ரிஸ்பெரிடோனுக்கு இடம் இருக்காதா? எழுத வேண்டிய தேசியக் கொள்கை அதுதான். முதலில் இருப்பவர்களுக்கு மாத்திரை. பிறகு கெடு, குழு, மெல்பர்ன் எல்லாம்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 10.05

ஐயா, உங்கள் மேல் கோபமில்லை, உங்கள் வாதத்தின் மேல் இருக்கிறது. "இருப்பவர்களைப் பார்த்துவிட்டுப் பிறகு புதியவர்களைப் பார்க்கலாம்" என்கிறீர்கள். அந்த "இருப்பவர்கள்" எங்கிருந்து வந்தார்கள்? என் தம்பியைப் போல 22 மாதம், 30 மாதம் கழித்து வந்தவர்கள்தான். கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைப்பது அவசியம்தான். அதற்காக ஓடு மாற்றுவதை அடுத்த தலைமுறைக்குத் தள்ளுவீர்களா?

2015-16 தேசிய மனநல ஆய்வு, பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்தியது, என்ன சொல்கிறது? இந்த வகை நோய் ஆயிரம் பேரில் நான்கு பேருக்கு. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையிலேயே இல்லை. மருத்துவரே, உங்கள் 143 பேர் அந்த நான்காவது பங்கு. மீதி மூன்று பங்கு உங்கள் வரிசைக்கு வரவே இல்லை. வரிசை நீளம் என்பதற்காக அவர்கள் வராமலிருப்பது நல்லது என்கிறீர்களா?

ஓபஸைச் சொன்னீர்கள், நான் நார்வேயைச் சொல்கிறேன். ரோகலாந்து பகுதியில் பத்திரிகை, வானொலி, பள்ளிகள் என்று விளம்பரம் செய்தார்கள். "இப்படி இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள், நாங்கள் வருகிறோம்" என்றார்கள். சிகிச்சையில்லாமல் கழியும் காலம் சட்டென்று குறைந்தது. விளம்பரத்தை நிறுத்தினார்கள், மறுபடியும் கூடியது. பலன் கரைந்தது என்று நீங்கள் சொல்வதும் இதே கதைதான். கொடுத்தபோது நன்றாக இருந்தது, நிறுத்தியபோது போயிற்று. கொடுப்பதை நிறுத்தாதீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

தம்பி இன்று ஓர் அச்சகத்தில் பாதிநாள் வேலை செய்கிறான். படிப்பு போனது போனதுதான். 22 மாதத்தில் போனது அது மட்டும் இல்லை. அவன் சேர்ந்து கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஒருவர்கூட இப்போது வீட்டுக்கு வருவதில்லை.

மூன்றாம் படுக்கை | செவ்வாய், பிற்பகல் 3.30

நீங்கள் எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அந்த "எங்களில்" ஒருத்தி. 11 ஆண்டுகளாக இந்தப் பெயரோடு வாழ்கிறேன், வேலைக்கும் போகிறேன்.

வைகைக்கரை அவர்களே, உங்கள் தம்பி மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் தெரிகிறது. ஆனால் "முன்கூட்டிப் பிடிப்பது" என்று மருத்துவர் இங்கே எழுதிவிட்டார். பிடிப்பது. திருடனையும் வெறிநாயையும்தான் பிடிப்பார்கள். என்னையும் பிடித்தார்கள். 20 வயதில், அதிகாலை நாலரை மணிக்கு, ஜாதகம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றினார்கள். இறங்கிய இடத்தில் எனக்கு மூன்றாம் படுக்கை. அந்த மருத்துவமனையில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, என்னிடமும் யாரும் கேட்கவில்லை. சீக்கிரமே சிகிச்சை கிடைத்த நோயாளி நான், உங்கள் கணக்கில் வெற்றிக் கதை. வெளியே வந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். நான்கு ஆண்டுகள். உடம்பு ஒத்துக்கொள்ளாததால் இல்லை, அந்தக் காரை மறக்க முடியாததால்.

பள்ளிகளில், கல்லூரிகளில் "ஆபத்தில் இருப்பவர்களை" முன்னமே கண்டறியலாம் என்று அடுத்து ஒருவர் வருவார். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த சில ஆண்டுகளில் இந்த நோய் வருவதே இல்லை. வராத நோயின் பெயர் மட்டும் அவர்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கள். விவாகரத்துக்கான காரணங்களில் மனநோயை விளக்கும் இடத்தில் இந்த ஒரு நோயைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வெறும் பெயர் போதாது, நோயின் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் தீர்ப்பா வாசிக்கிறார்கள்? ஒரு பெண்ணின் அம்மா ஏன் 22 மாதம் மறைக்கிறார் என்று கேட்பவர்கள் முதலில் அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. ஜப்பானியர்கள் 2002-ல் நோயின் பெயரையே மாற்றினார்கள். "மனம் பிளந்த நோய்" என்று இருந்ததை, "ஒருங்கிணைப்புக் குறைபாடு" என்ற பொருள் வரும்படி. நாம் இன்னும் "சிதைவு" என்கிறோம். சிதைந்ததை யார் வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள்?

பெரியகுளத்து அப்பா | செவ்வாய், இரவு 8.50

இந்த அம்மா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் என் வீட்டுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மகனுக்கு 24 வயது. ஐந்து மாதமாக மாடி அறையை விட்டு இறங்குவதில்லை. தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் நாங்கள் இறங்கிய பிறகு எடுத்துக்கொள்கிறான். அவன் அம்மா சமைத்ததில் மருந்து கலந்திருப்பதாகச் சொல்லி மூன்று நாள் பட்டினி கிடந்தான். அவனிடம் சம்மதம் கேட்க வேண்டுமாம்! தனக்கு நோயே இல்லை என்று நம்புவதுதானே இந்த நோய்? 2017 சட்டம் வந்த பிறகு பெற்றவர்கள் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். "நோயாளி தானாக வந்தால் பார்க்கிறோம், இல்லையென்றால் சட்டச் சிக்கல்" என்றார்கள். காவல் நிலையத்தில் "ஏதாவது செய்தானா? செய்த பிறகு வாருங்கள்" என்றார்கள். செய்த பிறகு! அதற்குத்தானே முன்னால் போகிறேன்?

வைகைக்கரைத் தம்பி 30 நாள் கெடு கேட்கிறார். கெடுவைவிட எனக்கு அதிகாரம் வேண்டும். பெற்றவன் கையெழுத்துப் போட்டால் ஆம்புலன்ஸ் வர வேண்டும். கொள்கையில் அதை எழுதுங்கள்.

வியாழக்கிழமை மருத்துவர் | செவ்வாய், இரவு 10.30

ஐயா, உங்களுக்குத் தவறான தகவல் கொடுத்திருக்கிறார்கள். விவாதத்தை விட்டுவிட்டு இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோயாளி மறுத்தால் சேர்க்கவே முடியாது என்று 2017 சட்டம் சொல்லவில்லை. 89-ஆம் பிரிவு அதற்குத்தான். தனக்கோ பிறருக்கோ அண்மையில் தீங்கு செய்ய முயன்றவர் மட்டும் இல்லை, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தான நிலைக்குப் போனவரும் அதில் வருவார். நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி தன் சார்பில் செயல்பட நியமித்தவர், விண்ணப்பிக்க வேண்டும். மகன் யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினர் என்ற முறையில் நீங்களே அந்தப் பிரதிநிதி ஆகலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்ப வேண்டும். 30 நாள்வரை. மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகும், மகன் மேல்முறையீடு செய்யலாம். இவை நல்ல கடிவாளங்கள், இருக்கட்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் 94-ஆம் பிரிவு. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை அவசரச் சிகிச்சை தரலாம், மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும் அதில் அடக்கம்.

ஆகவே சட்டம் உங்கள் கையைக் கட்டவில்லை. மாடிப்படி ஏறிவர ஆள் இல்லை, அதுதான் விஷயம். வைகைக்கரை அவர்களே, நான் முதலில் சொன்னதும் இதுதான்.

இதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. 31-ஆம் பிரிவு. மக்கள்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுகோலுக்குக் கொண்டுவர, சட்டம் நடைமுறைக்கு வந்த 10 ஆண்டுக்குள் அரசுகள் முயற்சி எடுக்க வேண்டும். நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே. நீங்கள் புதிதாக ஒரு கெடு கேட்கிறீர்கள், ஏற்கெனவே இருக்கும் கெடுவை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

குணசீலத்து யாத்ரீகன் | புதன், காலை 7.00

முதல் பதிவிலேயே கோடாங்கியையும் கோயிலையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குகிறார்கள். வேளை தவறாத உணவு, உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம், சுற்றிலும் தன்னைப் போன்றவர்கள், கேலி செய்ய ஆளில்லை. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்களே ஆராய்ந்தது. மருந்தும் இல்லை, சடங்கும் பெரிதாக இல்லை. நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் புறநோயாளிப் பிரிவு இதைத் தர முடியுமா?

பழைய மருந்துச்சீட்டு | புதன், காலை 7.45

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். அப்போது நான் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் பணியில் இருந்தேன். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

குணசீலத்து யாத்ரீகன் | புதன், காலை 8.10

சங்கிலியை நான் ஆதரிக்கவில்லை ஐயா. அந்தக் கொட்டகைகளை மூடியது சரி. ஆனால் மூடிய பிறகும் மக்கள் தர்காவுக்கு வருவது நிற்கவில்லையே. அதனால்தான் பின்னாளில் தர்காவுக்கே அரசு மனநல மருத்துவரை அனுப்பினார்கள், துவாவும் (வேண்டுதலும்) நடக்கட்டும் தவாவும் (மருந்தும்) நடக்கட்டும் என்று. என் வாதமும் அதுவே. வைகைக்கரை தேடும் அந்த முகவரியைக் கோயில் வாசலில் வையுங்கள். 22 மாதத்தில் அவர்கள் முதலில் போன இடம் எது? மருத்துவமனையா?

வைகைக்கரை | புதன், காலை 11.20

மருத்துவமனை இல்லை. கோடாங்கிதான். அதை மறுக்க முடியவில்லை.

கோடாங்கி எங்கள் தெருவில் இருந்தார், அன்று மாலையே வந்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்து அம்மா சொன்னதையெல்லாம் கேட்டார். மனநலப் பிரிவு 38 கிலோமீட்டர் தள்ளி இருந்தது, வாரத்தில் ஒரு நாள்.

மூன்றாம் படுக்கை | புதன், பிற்பகல் 1.15

இப்போதுதான் பேச்சு நான் நினைத்த இடத்துக்கு வருகிறது.

என்னை மறுபடி சிகிச்சைக்குக் கொண்டுவந்தது ஆம்புலன்ஸ் இல்லை, சட்டமும் இல்லை. ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஏழு முறை வீட்டுக்கு வந்தார். முதல் நான்கு முறை மாத்திரை என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. தையல் தெரியுமா என்று கேட்டார். ரேஷன் அட்டையில் என் பெயர் விட்டுப்போயிருந்ததைச் சேர்க்க உதவினார். ஐந்தாம் முறை நானே கேட்டேன்: "ராத்திரி தூங்குவதற்கு ஏதாவது இருக்கிறதா?"

இது என் ஒருத்தியின் கதை என்று மருத்துவர் சொல்லக்கூடும். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா மூன்றிடங்களிலும் 282 பேரை வைத்து இப்படிப்பட்ட களப்பணியாளர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, களப்பணியாளரும் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஓராண்டில் நோய்க்குறியும் முடக்கமும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தன. கொஞ்சம்தான், மிகைப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு மனநல மருத்துவர் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

சென்னையில் 1981-ல் முதன்முறை நோயுற்ற 90 பேரில் தொடங்கி, அவர்களைக் கால் நூற்றாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. நடுவே மறையாமல் நோய் நீடித்தவர்கள் சிறுபான்மை. பெரும்பாலோர் விழுந்தும் எழுந்தும் போனவர்கள். நாங்கள் விழும்போது யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி, மருத்துவரே. சட்டையைப் பிடித்துத் தூக்குகிறவரா, கை கொடுக்கிறவரா?

வியாழக்கிழமை மருத்துவர் | புதன், இரவு 9.25

அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. அதில் பணியாற்றிய களப்பணியாளர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது, ஊதியம் தவறாமல் வந்தது. திட்டமாக்கும்போது இந்த மூன்றும்தான் முதலில் உதிரும். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83 லட்ச ரூபாய்வரை மத்திய ஒதுக்கீடு உண்டு. ஆளெடுப்பது ஒப்பந்தத்தில். ஒப்பந்தம் புதுப்பிக்கத் தாமதமானால் சமூகப் பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். என்னோடு இருந்த மிகத் திறமையான பெண் இப்போது ஒரு வங்கியின் கடன் வசூல் பிரிவில் இருக்கிறார். இதில் ஏதோ ஒரு நகைச்சுவை இருக்கிறது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

2022 அக்டோபர் 10-ல் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி வந்தது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். நல்லது, குறிப்பாகக் குடும்பத்தாருக்கு. ஆனால் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில் தன்னை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்பும் பையன் அழைப்பானா?

களப்பணியாளர்களை நிரந்தரப் பணியிடமாக்கினால் நான் என் எதிர்ப்பைக் கைவிடுகிறேன். அதுவரை 30 நாள் கெடுவுக்கு எதிர்ப்புத்தான்.

வைகைக்கரை | புதன், இரவு 10.40

சரி. என் கோரிக்கையைத் திருத்துகிறேன், கைவிடவில்லை.

30 நாளுக்குள் "மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்" என்று கேட்டேன். அதை "10 நாளுக்குள் ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும்" என்று மாற்றுகிறேன். பயிற்சி பெற்ற ஒருவர். தகவல் யாரிடமிருந்தும் வரலாம்: கல்லூரி, கோயில், தர்கா, துணை சுகாதார நிலையம், 14416. எத்தனை வீடுகளுக்குப் போனார்கள், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள் என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். மருத்துவர் சொன்ன 29-ஆம் நாள் கையெழுத்தை அந்த இரண்டாவது எண் காட்டிக்கொடுக்கும். மருந்தாளுநர் ஐயா சொன்னபடி மாத்திரை வீட்டு வாசலுக்கு. திருமணச் சட்டத்தின் அந்த வரி நீங்க வேண்டும். இதைச் சகோதரி சொல்லும்வரை நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் மறைத்ததற்கு அது காரணமில்லை, ஆனால் அத்தை வீட்டில் அதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மருத்துவமனையும் சுகாதாரமும் மாநிலப் பட்டியல், மத்திய அரசு எப்படிக் கட்டளையிடும் என்று கேட்பீர்கள். காசநோய்க்கு எப்படிச் செய்தார்கள்? ஒரே பதிவேடு, ஒரே அளவுகோல், பணத்தோடு சேர்த்து அனுப்பினார்கள். காசநோய் தொற்றும், அண்டை வீட்டாருக்குப் பயம், அதனால் அக்கறை. தம்பியின் நோய் யாருக்கும் தொற்றாது. நாடு பொறுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

பழைய மருந்துச்சீட்டு | வியாழன், காலை 5.50

வீட்டுக்கு வருகிறவர் பையில் எடைக்கருவியும் இருக்கட்டும். இந்த நோய்க்குத் தரும் ஒலான்சபின் மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை ஏறும், சர்க்கரை வரும். இந்த நோயாளிகள் மற்றவர்களைவிட 10, 15 ஆண்டு முன்னதாகப் போய்விடுகிறார்கள், அதில் பாதிக்கு மேல் இதயமும் சர்க்கரையும் போன்ற உடல் நோய்களால். மனநல மருத்துவர் உடம்பைப் பார்ப்பதில்லை, மற்ற மருத்துவர் இவர்களைப் பார்ப்பதே இல்லை. இரண்டு மருந்துக்குக் கேட்காதவர்களுக்குக் குளோசபின் தொடங்க ரத்தப் பரிசோதனை வாராவாரம் வேண்டும். கிராமத்தில் அதற்கும் வழி செய்யுங்கள். பரிசோதனைக்குப் பயந்தே அந்த மருந்தை எழுதாமல் விடுகிறார்கள், அது நல்ல மருந்து.

பெரியகுளத்து அப்பா | வியாழன், காலை 6.30

எல்லாம் சரி. 10 நாளில் ஒருவர் வருவார், ஏழு முறை வருவார், தையல் தெரியுமா என்று கேட்பார். அதுவரை என் மகன் சாப்பிடாமல் இருந்தால்? இந்த அம்மாவுக்கு ஏழு முறை பொறுமையாக வர ஒருவர் கிடைத்தார். எனக்கு ஏழு நாள் இருக்கிறதா என்பதே தெரியாது. கட்டாயம் என்ற சொல்லைக் கொள்கையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

மூன்றாம் படுக்கை | வியாழன், காலை 7.05

எடுக்கச் சொல்லவில்லை ஐயா. உயிர் போகும் நிலை என்றால் தூக்கிக்கொண்டு போங்கள். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "மருத்துவமனைக்குப் போகிறோம், உனக்குப் பிடிக்காது, நான் உன்னோடு இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். என் அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நான்கு ஆண்டுகள் போயிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்று நாள் பட்டினி என்று எழுதியிருந்தீர்கள். இப்போது சாப்பிடுகிறானா?

பெரியகுளத்து அப்பா | வியாழன், காலை 7.20

சாப்பிடுகிறான். கடையில் கட்டிக்கொடுத்த பொட்டலமாக இருந்தால். வீட்டுச் சமையலைத் தொடுவதில்லை.

வியாழக்கிழமை மருத்துவர் | வியாழன், காலை 7.40

அப்படியென்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. மகன் வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள். எப்போது தொடங்கியது, என்ன பேசுகிறான், தூக்கம், உணவு எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி எடுத்து வாருங்கள். வீட்டுக்குச் சமூகப் பணியாளரை அனுப்ப முடியுமா என்று நேரில் பேசுவோம். ஊர் விவரத்தைப் பொதுவில் எழுதாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள். இன்று 150-ஐத் தாண்டும், எட்டரைக்கு முன் வந்தால் நிதானமாகப் பேசலாம்.

பெரியகுளத்து அப்பா | வியாழன், காலை 7.45

பஸ் ஏறிவிட்டேன். தாளை வழியில் எழுதிக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, அதையும் நேரில் பேசுவோம்.